படுத்த கோடு, நின்ற கோடு

கிளாம்பாக்கத்தில் புது பஸ் ஸ்டாண்டு திறந்து, எந்த பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் ஜனங்கள் பையும் கையுமாக அலைந்தார்களே, அந்தச் சமயம். நான் அப்போது ஊரப்பாக்கத்தில் ஒரு கம்பெனி ஆபீஸைக் காலையில் திறந்து பெருக்குகிற வேலையில் இருந்தேன். அதற்கு முன் செய்யூர் பக்கம் சவுக்கு வெட்டினேன். கட்டுக்கு ஒரு கரிக்கோடு போடுவேன். எழுத்து என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதையும் நான் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் 'இருக்கிறது' என்று போட்டுக்கொள்கிறாள். போடட்டும்.

ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற மேடம் ஒருவர் இருந்தார். அவர் பொறுப்பில் ஒரு ஃபைல். யார் கார்டுக்கு எந்தக் கதவு திறக்கும் என்கிற பட்டியல். மகாபலிபுரம் ரோட்டில் இருந்த கம்பெனி குடோன் கதவும் அதில் சேர்த்தி. 'ரூட்' என்கிற பெரிய லாகினைத் தவிர வேறு யாரும் அதைப் படிக்கவோ எழுதவோ கூடாது. அந்த லாகின் மேடத்திடம் மட்டும். ஃபைல் அப்படித்தான் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரே தினமும் பார்த்து, பச்சையில் 'சரி' என்று போடும்.

மேடத்துக்கு அது போதவில்லை.

"தன்னைப் பத்தித் தானே சொல்லிக்கிறத எப்படி முழுசா நம்பறது தாத்தா? ரூமைப் பெருக்கறப்ப இந்த பட்டனைத் தட்டுங்க. ஒரு வரி வரும். அப்படியே நோட்டுல எழுதிடுங்க."

"எனக்கு எய்தத் தெரியாதும்மா."

"எழுத வேணாம். கோலம் மாதிரி வரைஞ்சிடுங்க."

"கோலம்லாம் வூட்ல பொம்பளைங்க போடறது."

"சரி, பூரான் மாதிரி வரைங்க."

வரைந்தேன். முதலில் ஒரு படுத்த கோடு, அடுத்து இரண்டு எழுத்து, அடுத்து ஏழு படுத்த கோடு. கொஞ்சம் தள்ளி, ஃபைல் யாருடையதோ அவர் பெயர், நடுவில் இரண்டு முட்டையோடு. அதுதான் ரூட்டாம். தேதிக்கு, காலண்டர் தாளைக் கிழித்துப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். மாதக்கணக்கில் அதே பூரான்.

மேடம் தங்கை கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டனைத் தட்டினால் முன்னால் ஒரு நின்ற கோடு. அதற்கப்புறம் வரிசையாக எழுத்து. முட்டைப் பெயர் இல்லை, வேறு ஏதோ பெயர். கடைசியில் ஒரு அம்புக்குறி, அதற்கப்புறம் இன்னொரு பெயர். மேனேஜரிடம் போனேன்.

"சார், கோடுங்கள காணோம் சார்."

"என்ன கோடு?"

"தெனம் படுத்துகினு இருக்கும் சார். இன்னிக்கு முன்னால ஒண்ணு எய்ந்து நிக்கிது."

அவர் திரையைப் பார்த்தார். 'சரி' பச்சையாக இருந்தது.

"பச்சையா இருக்கில்ல பெரியவரே? கோடு எந்திரிச்சா நமக்கென்ன, படுத்தா நமக்கென்ன? போய் ரெண்டு டீ சொல்லுங்க."

சொன்னேன். வரைந்தும் வைத்தேன். புதன், வியாழன் இரண்டு நாளும் கோடு நின்றது. வெள்ளிக்கிழமை படுத்துவிட்டது.

சனிக்கிழமை, குடோனில் பேட்டரிகளைக் காணோம் என்று தெரிந்தது. வியாழக்கிழமை கதவைத் திறந்திருந்தது, எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு காண்ட்ராக்ட் ஆளின் கார்டு. பட்டியலில் பார்த்தால் அவன் கார்டு இல்லை. பட்டியலில் கை வைக்கக்கூடியவர் ஒருவர்தான். மேடம்தான் கார்டைச் சேர்த்து, காரியம் ஆனதும் எடுத்துவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டினார். திங்கட்கிழமை மேடம் வந்ததும், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மேடம் உட்காரக்கூட இல்லை. "தாத்தா, நோட்டு எங்க?" என்றார்.

புரட்டி, செவ்வாய்க்கிழமை தாளுக்குப் பக்கத்தில் விரல் வைத்தார்.

"சார், முன்னால இந்தக் கோடு நின்னா அது ஃபைலே இல்ல. வேற ஃபைலுக்கு வழி காட்டற பலகை. இது காட்டறது போன வருஷப் பட்டியலை. அதுல அவன் கார்டு இருக்கு. அந்தப் பழைய பட்டியலும் ரூட்டோடதுதான். நம்ம செக்கிங் பலகையைப் பாக்காம, அது காட்டின இடத்துக்குப் போய்ப் பாத்துட்டு 'சரி' சொல்லியிருக்கு. பலகையை வச்சவன் பேரைத் தாத்தா வரைஞ்சிருக்கார், பாருங்க, அதே காண்ட்ராக்ட் ஆள். அவன் லாகினை எடுக்கணும்னு நான் கொடுத்த லெட்டர் இன்னும் உங்க டேபிள்லதான் இருக்கு."

"ரூட் ஃபைலை அவன் எப்படித் தொட்டான்?"

"தொடவே இல்ல. ஃபைலுக்குப் பூட்டு சரியாத்தான் இருந்துச்சு. அது இருக்கிற ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்து கிடக்கு. உள்ள இருக்கிறதைப் படிக்காமலே பேரை மாத்தி ஓரமா வச்சுட்டு, பழைய பேர்ல இந்தப் பலகையை வச்சுட்டான். வேலை முடிஞ்சதும் பலகையை எடுத்துட்டு, ஃபைலைப் பழையபடி வச்சுட்டான்."

"ஃபோல்டரைத் திறந்துவிட்டது யாரு?"

"நீங்கதான் சார் திறக்கச் சொன்னீங்க. ரிப்போர்ட் போடறதுக்கு தினம் என்கிட்ட கேட்டுட்டு நிக்க முடியாதுன்னு."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல பெரியவரே?"

"சொன்னேன் சார். டீ சொல்லச் சொன்னீங்கோ."

மேடம் வேலையை விடவில்லை. ஃபோல்டரை அன்றே மூடினார். செக்கிங்கையும் மாற்றினார். இப்போது அது பலகை என்றால் திறக்கவே திறக்காதாம். ஃபைல் என்றால் முதலில் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் யாருடையது என்று கேட்குமாம். பெயரைப் பார்த்துவிட்டு நிதானமாகத் திறக்கப் போனால் நடுவில் மாற்றிவிடுவார்களாம்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலையில் இருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஃபைலை மட்டும் பார்த்தால் போதாது, அது இருக்கிற ஃபோல்டரையும், அதற்கு மேலே இருக்கிற ஃபோல்டர்களையும் பார்க்க வேண்டும். பச்சையைக் காட்டி உங்களை அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இரண்டாம் தரமும் சொல்லுங்கள்.