கஸ்தூரிக்கா போர்த்திக்கொண்ட தோல்

ரிட்டயர் ஆன பிறகு மத்தியானத்தில் கண் அயர்ந்தால் ஆம்பூர் ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன்தான் வருகிறது. மிஷின் ஓடாது. கூரையிலிருந்து வெளிச்சம் இறங்கும். யாரோ ஆட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். இது முழுக்கக் கனவில்லை, அப்படி ஒரு மத்தியானம் உண்மையிலேயே வந்தது.

அங்கே நான் மெர்ச்சண்டைசர். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவதும், அவர்கள் வந்தால் கூட நின்று பேசுவதும் என் வேலை. வேலூரில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவள். என் மெயிலில் ஒரு கமா தப்பாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

இத்தாலி பையர் ஒருவர் சாம்பிளைத் திருப்பி அனுப்பினார். ஷூவின் முன்பக்கத் தோல் நாலு நாளில் தொளதொளத்துப் போகிறதாம். பழி, தோலை வெட்டிய கஸ்தூரிக்கா மேல் விழுந்தது. கணவர் இல்லாதவர், நர்சிங் படிக்கும் மகளை இந்தச் சம்பளத்தில்தான் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை அவங்க டெக்னீஷியன் வர்றாரு. அவரு ரிஜெக்ட்னு எழுதிட்டா, திங்கக்கிழமை நீ வர வேணாம் கஸ்தூரி."

அக்கா மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். பேட்டர்னை, அதாவது வெட்டும் அச்சை, தோலின் குறுக்கே வைத்து வெட்டச் சொன்னது பையர் அனுப்பிய கட்டிங் கார்டு. "நெட்டுக்க வெக்கணும் மேடம். குறுக்க வெச்சா ஜாஸ்தி இழுக்கும். எழுதிக் கேளுங்க" என்று அக்கா முதல் நாளே சொன்னார். நானும் எழுதினேன், மூன்று பத்தி. நலம் விசாரித்து, நன்றி சொல்லி, கடைசி வரியில் 'தங்களுக்கு வசதிப்பட்டால் இதையும் பரிசீலிக்கலாம்' என்று நாசூக்காக முடித்தேன். 'ஓகே, தேங்க்ஸ்' என்று பதில் வந்தது. அந்த வரிவரை அவர்கள் படிக்கவே இல்லை என்பது எனக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை; கார்டில் இருந்தபடியே வெட்டினார்கள்.

டெக்னீஷியன் மார்கோ வந்தார். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. நான் பத்து நிமிஷம் விளக்கினேன். "யெஸ், யெஸ்" என்றார். பிறகு ரிப்போர்ட் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போது கரண்ட் போனது.

அத்தனை மிஷினும் ஒரே நேரத்தில் அடங்கின. அப்படி ஒரு அமைதியை அந்த ஹாலில் நான் கேட்டதே இல்லை. கூரையின் கண்ணாடித் தகட்டு வெளிச்சத்தில் தோல் தூசி மெதுவாக மிதந்தது. ஜன்னலில் ஏலகிரிப் பக்கத்து மலை வெளிர் நீலமாக நின்றது. கஸ்தூரிக்கா மேஜையிலிருந்து ஒரு முழு ஆட்டுத் தோலை எடுத்து முதுகில் போர்த்திக்கொண்டார்.

"சார், லுக்." நடு முதுகைத் தொட்டுக் காட்டினார். "திஸ், ஸ்ட்ராங்." தோலின் ஓரத்தை வயிற்றுக்கு இழுத்துத் தட்டினார். "திஸ், லூஸ்."

மார்கோ தன் தொப்பையைத் தட்டிக்கொண்டு, "லூஸ்" என்று சிரித்தார்.

அக்கா தோலை விரித்தார். பேட்டர்னைக் குறுக்கே வைத்து அந்தப் போக்கில் இழுத்தார், தோல் நீண்டது. நெட்டுக்கத் திருப்பி இழுத்தார், அசையவில்லை. மார்கோவும் இழுத்துப் பார்த்தார். அவர் இத்தாலியில் என்னவோ கேட்க, "ஆங், அதான் சார், முதுகுப் போக்குல" என்று அக்கா தமிழில் பதில் சொன்னார். மார்கோ, தோலில் குறி போடும் சில்வர் பேனாவால் முதுகுத்தண்டு நெடுக ஒரு அம்புக்குறி போட்டார். சரியாகத்தான் போட்டார்.

பிறகு நிமிர்ந்து, "வொய் யூ நோ டெல்?" என்று கேட்டார்.

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தோலை மடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மை மிஸ்டேக்" என்றேன். என் சர்வீஸில் நான் பேசிய மிகச் சின்ன ஆங்கிலம் அதுதான். மார்கோ உடனே தலையாட்டி, தாளில் கட்டிங் கார்டை மாற்றச் சொல்லி எழுதினார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கஸ்தூரிக்கா சொன்னார்: "நீங்க பேசனது கேக்க அவ்ளோ நல்லா இருந்துச்சு மேடம். ஆனா அவரு மூஞ்சிய ஒரு தரம் கூட நீங்க பாக்கல."

திங்கட்கிழமை காலை கட்டிங் செக்‌ஷன் வழியாகப் போனேன். அக்கா தன் மேஜையில் இருந்தார், பேட்டர்ன் நெட்டுக்க இருந்தது. அன்று பையருக்கு நான் எழுதிய மெயில் நாலே வரி. விஷயம் முதல் வரியில் இருந்தது.