சட்டத்துக்குள் அடங்காத பெயர்

என் அம்மா வெர்லீனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அப்பா கிளீவனுக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் ராலே நகரில் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய காதுகேளாதோர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். அங்கே பழகிய கைமொழி தாராளமானது. இரண்டு கையும் வேண்டும், நெற்றிக்கு மேலும் போகும். அப்பாவின் பெயரைச் சொல்ல, தலையில் இல்லாத தொப்பியை இரு கையாலும் தூக்கிக் காட்டுவார் அம்மா.

நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போன அப்பா, வலியைச் சொல்லக் கைகளை வீசினார். அடிக்க வருகிறார் என்று நினைத்துக் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை சொல்ல முடியாமலே இறந்துபோனார்.

காதுகேளாதோர் உரிமைச் சங்கத்துக்கு நாற்பது வயது. நிர்வாகக் குழுவில் ஒரு கறுப்பர்கூட இருந்ததில்லை. இனி எல்லாரையும் சேர்த்துக்கொள்வோம் என்று திடீரென ஞானம் பிறந்து அம்மாவைத் தேடி வந்தார்கள். சட்டமன்றக் குழுவுக்கு அனுப்ப, அப்பாவுக்கு நேர்ந்ததைப் பற்றிய அம்மாவின் சாட்சியத்தைப் படம் பிடித்தார் செயலாளர் ஹாலிஸ். வெள்ளைக்காரர், அவருக்கும் காது கேட்காது.

"கொஞ்சம் சின்னதா பேசுங்க மேடம். கை எங்கெங்கயோ போகுது," என்று கைகளால் சொன்னார்.

"எம் புருஷன் ஆறடி உசரம் தம்பி. சின்னதா எப்படிச் சொல்ல?" என்றார் அம்மா.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் படத்தைப் போட்டார்கள். படத்தின் சட்டம் மேலே அம்மாவின் புருவத்தோடு முடிந்திருந்தது. அப்பாவின் பெயர் வரும்போதெல்லாம் கைகள் மேலே போய் மறைந்தன. கீழே எழுத்தில் 'கணவர்' என்று மட்டும் ஓடியது.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஹாலிஸிடம் போனார். "அவர் பேரையே காணோமே. மறுபடி எடுங்க."

"நேத்தே அனுப்பிட்டோம் மேடம். விஷயம் புரியுதுல்ல, அது போதும்."

அம்மா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். படத்தில் கைகள் மறையும்போதெல்லாம், இங்கே நின்றபடி அந்தத் தொப்பியைத் தூக்கினார். நாலு முறை தூக்கியிருப்பார். முன்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து கையசைத்தார்.

"மறைக்குதுங்க. கொஞ்சம் உட்காருங்க."

அம்மா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் நின்னப்பவாவது அவர் பேரு தெரிஞ்சுதா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். இரண்டு கைகளையும் மடியில் கோத்து இறுக்கிக்கொண்டார். படம் முடியும்வரை அந்தக் கைகளை அவர் பிரிக்கவேயில்லை.