மாமன் மடியும் பாப்பாவின் சீட்டும்

எங்கள் குடும்பத்தில் குழந்தைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதற்காக நான் பதினாலு மாதம் காத்திருந்தேன். தங்கச்சி மகள் சென்னையில் வளர்கிறாள். போனில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், நேரில் பார்த்தால் வீறிட்டு அழுவாள். என் மடிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. காதுகுத்து ஸ்ரீமுஷ்ணம் கோயிலில். விருத்தாசலத்திலிருந்து போகும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு பழக்கிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன்.

அன்று காலை வாடகை வேன் வாசலுக்கு வந்தது. டிரைவரைத் தவிர ஏழு பேர் உட்காரலாம். பாப்பாவைச் சேர்த்து நாங்கள் பத்துப் பேர். ஏழு பேர் வண்டியில் பத்துப் பேர் போவது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. ஆனால் தங்கச்சி சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த குழந்தை சீட்டைத் தூக்கி வந்து, வேனின் நடு வரிசையில் வைத்து, பெல்ட்டால் இறுக்கினாள்.

“இது எதுக்கும்மா? மாமன் மடி இருக்குதுல்ல?” என்றேன்.

“மடியெல்லாம் வேணாம்ணே. சட்டமே சொல்லுது.”

“நம்ம ஊர்ல எந்தப் போலீஸு வந்து புள்ள சீட்டு எங்கன்னு கேட்டாங்க?”

“போலீஸுக்காகவா கட்டுறேன்? கம்பெனியில பீங்கான் பொம்மைக்கு வைக்கோல் வெச்சு அமுக்கி அமுக்கிக் கட்டுறியே, புள்ளைய மட்டும் சும்மா தூக்கிட்டுப் போவியா?”

இருபது வருஷமாக பீங்கான் பேக்கிங் பார்ப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதோடு விட்டாளா? ஆளுக்கொரு சீட்டு, அதற்கு மேல் ஒருத்தரும் ஏறக்கூடாது என்றாள். மூன்று பேர் மிஞ்சினோம்.

“அப்போ மாமன் பஸ்ஸுலயே வரான், போங்க!” என்று கத்தினேன். யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று நினைத்துத்தான் கத்தினேன். ஒருத்தரும் இழுக்கவில்லை. வேன் போயே போய்விட்டது.

பெரியப்பாவும் சித்தப்பாவும் நானும் ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறினோம். மாமன் சீர்த்தட்டு மாமன் கையில்தான் போக வேண்டும் என்று அதையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாப்பா உட்கார வேண்டிய மடியில் தேங்காயும் வாழைப்பழமும் உட்கார்ந்திருந்தன. இரண்டு கையாலும் தட்டை இறுக்கி அணைத்துக்கொண்டு, தங்கச்சியை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

பாதி வழியில் ரோட்டுக்குக் குறுக்கே ஆடுகள் ஓடி வந்தன. டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். அவ்வளவுதான், தட்டு என் கையில் இல்லை. தேங்காய் உருண்டு டிரைவர் காலடிக்கே போய்விட்டது. வாழைச்சீப்பு முன் சீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

அவர் திரும்பி, “யோவ், தலையில பழம் வெக்கிறியே, நான் என்ன சாமியா?” என்றார். பஸ்ஸே சிரித்தது.

நானும் சிரித்தேன். பிறகு காலியாகிப்போன மடியைப் பார்த்தேன். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தேன்! அந்தத் தட்டு இருந்த இடத்தில் பாப்பா இருந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. சித்தப்பாதான் பழத்தையெல்லாம் பொறுக்கினார்.

கோயிலில் என் மடியில் பாப்பா இரண்டு நிமிஷம் இருந்தாள். இரண்டு நிமிஷமும் என் சட்டையைப் பிய்த்துக்கொண்டு அம்மாவிடம் தாவினாள். ஊசி பட்டதும் கோயிலே அதிர அழுதாள். இதற்குத்தானா இத்தனை மாதம் காத்திருந்தோம் என்று எனக்கும் அழுகை முட்டியது.

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். “மச்சான், நீங்க வேன்ல போங்க. நான் பஸ்ஸுல வரேன்” என்று தன் இடத்தைக் கொடுத்தார். பாப்பா சீட்டுக்குப் பக்கத்து இடம்.

ஊரைத் தாண்டியதும் காது வலியில் பாப்பா சிணுங்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் அது கதறலானது. அந்தப் பக்கம் இருந்த தங்கச்சிக்கே மனசு கேட்கவில்லை. “பாவம்ணே, ஒரு பத்து நிமிஷம் மடியில வெச்சுக்கறேன்” என்று பெல்ட்டில் கை வைத்தாள்.

“கைய எடு!” என்று சத்தம் போட்டேன். “டிரைவர் தம்பி, ஓரமா நிறுத்துங்க.”

ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. இன்ஜின் அணைந்த பிறகுதான் பெல்ட்டைக் கழற்றினேன். பாப்பா இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கினேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தங்கச்சி கை நீட்டி, “வாடி செல்லம்” என்றாள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்! எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

“ஏங்க, வூட்டுல பந்திக்கு எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றாள் என் மனைவி. தங்கச்சி பக்கத்தில் வந்து மெதுவாக, “குடுண்ணே, சீட்டுல படுக்க வெக்கிறேன். போலாம்” என்றாள்.

“அஞ்சு நிமிஷம்மா” என்றேன். அதையே நான்கு முறை சொன்னேன்.