மடிக்கு வேறு ஆள்

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்துவது எங்கள் உடப்பு ஊர் வழக்கம். என் மகளுக்கு ஒரே மாமன், என் தம்பி. தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று அவன் சொன்னதிலிருந்து அப்பா அவனோடு கதைப்பதில்லை. சண்டை வருமோ என்று பயந்து, பெரியம்மாவின் மகனை மடிக்குக் கேட்டுவைத்தேன். தம்பியைச் சாப்பிட மட்டும் கூப்பிட்டேன்.

அவன் மகளுக்குச் சின்னத் தோடுகள் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். அப்பா என்னை முறைத்தார்.

"சொந்த மாமன் நிக்க, மடிக்கு வேற ஆளா?" பிறகு அவனிடம், "வந்து இரடா. பிள்ளை அழுதா ஓடிராத."

"என்னை விட்டு ஓடினது நீங்கதானே அப்பா," என்றான் தம்பி.

அப்பா தலை குனிந்து, "ஓம், நான்தான்" என்றார்.

மகள் அவன் சட்டையைப் பிடித்தபடி அழுதாள்.

அப்பாவை நினைத்துத்தான் பயந்தேன் என்றிருந்தேன். உண்மையில் ஊர் வாய்க்குப் பயந்தது நான்தான். அன்றே தம்பியிடம் அதைச் சொன்னேன்.

"தெரியும் அக்கா," என்றவன், இன்னொரு வடை கேட்டான்.