கொதிநீருக்கு அடங்காத படலம்

சேலத்தில் சின்னதாக ஒரு தயிர் யூனிட் நடத்துகிறேன். போன மே மாதம் முழுக்கப் பாக்கெட்டுகள் உப்பிப்போயின. குளோரினைக் கூட்டியும் பலனில்லை. குழாய் கழுவும் செல்விதான் சரியாகக் கழுவாமல் ஏமாற்றுகிறாள் என்று முடிவுகட்டி, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் செய்த பயணம் இது. இந்த வலைப்பூவின் வாசகி மஞ்சுளா, உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு பால் ஆலையில் தரம் பார்ப்பவர். குழாய்க்குள் கிருமிகள் கட்டும் படலத்தைக் கரைக்கும் புது மருந்தைச் சோதிக்கிறார். "உங்க குழாய்ல ஒரு துண்டு கழட்டி எடுத்துட்டு வாங்கண்ணா" என்றார்.

காலை 5.40க்குச் சேலத்தில் பஸ். கிருஷ்ணகிரி வழியாக 160 கி.மீ. ஓசூரில் இறங்கும்போது 9.15. அங்கிருந்து இருபது கி.மீ., ஆட்டோவுக்கு 400 ரூபாய். கன்னடத்தில் பேச ஆரம்பித்த ஓட்டுநர், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"என்னா சார் மடியில, போர்வெல் பைப்பா?"

"தயிர் பைப்."

"தயிருக்குப் பைப்பா! எங்க வூட்ல சட்டிதான் சார்."

மஞ்சுளா குழாய் இணைப்பிலிருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்தார். அடியில் வழவழவென்று இருந்தது. வளையத்தை இரண்டாக வெட்டி, பாதியைக் குளோரினிலும் பாதியைப் புது மருந்திலும் போட்டார். நாற்பது நிமிடம் கழித்து, குளோரின் துண்டு அப்படியே வழுக்கியது, மற்றது சுத்தமாகியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. ஒரு கேன் கேட்டேன்.

"தர முடியாதுண்ணா, இன்னும் அனுமதி வரல. பால் போனதும் மொத தண்ணி எந்தச் சூட்டுல வுடறீங்க?"

"கொதிக்கக் கொதிக்க!" என்றேன் பெருமையாக.

"அங்கதான் தப்பு. பால் சத்து குழாய்லயே வெந்து ஒட்டிக்கும். கிருமி அது மேல குடியேறிடும். மொதல்ல வெதுவெதுன்னு அலசுங்க. அப்பறம் சோப்புக் காரம், அதுக்கப்பறந்தான் குளோரின்."

கொதிநீர் என் உத்தரவு. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

மஞ்சுளாவைப் பார்க்கப் போகிறவர்கள் என்னைப் போல் சுற்ற வேண்டாம். தருமபுரி, ராயக்கோட்டை வழி பஸ்ஸில் உத்தனப்பள்ளியிலேயே இறங்கலாம். ரப்பர் வளையத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். வாரம் ஒருமுறை கழற்றியும் கழுவுங்கள். ஒரு மாதமாக எங்களிடம் ஒரு பாக்கெட்கூட உப்பவில்லை. மஞ்சுளாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

சேலம் திரும்பிய அன்று மாலையே செல்வி வீட்டுக்குப் போய், "தப்பு என்னுதும்மா, நீ நிக்க வேணாம்" என்றேன்.

"நீங்க சொன்ன மாதிரிதானுங்கண்ணா கழுவுனேன்" என்றாள். கொதிநீர் பட்டுத் தோலுரிந்த அவள் கைகளை அப்போதுதான் பார்த்தேன்.