முத்திரை அக்காவின் வெறும் அட்டை

அவள் செத்தால்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஜெபக்கூடத்து வாசலில் ஸ்டூல் போட்டு, ரப்பர் முத்திரையும் மைப்பெட்டியுமாகப் பதினொரு வருடம் உட்கார்ந்திருந்தவள். எங்கள் தெருவில் அவளுக்கு முத்திரை அக்கா என்றே பெயர். ஊழியம் என்பதால் சம்பளம் கிடையாது. அதிகாரம் மட்டும் உண்டு.

எங்கெங்கோ உள்ள சபைகள் நன்கொடையாகத் திரட்டிய மாவும் பருப்பும் எண்ணெயும் லாரியில் வந்து இறங்கும். புதன்கிழமை ஜெபத்தில் கடைசிப் பாட்டு முடியும்வரை உட்கார்ந்தால் அட்டையில் முத்திரை. முத்திரை இருந்தால்தான் பின்பக்கக் கிடங்கில் மாவு. சும்மா சொல்லக் கூடாது, அந்த மாவு இல்லாவிட்டால் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் இத்தனை பேர் வசனம் கேட்டார்கள் என்று கொடுத்தவர்களுக்குக் கடிதம் போகும். அதைப் பார்த்துத்தான் அடுத்த லாரி கிளம்பும். எங்கள் பசியை வைத்துக் கூடத்தை நிரப்பினார்கள், கூடத்தைக் காட்டி லாரியை வரவழைத்தார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை என் மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து ஓடி, மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பியபோது கடைசிப் பாட்டு முடிந்திருந்தது.

"பாட்டு முடியுறதுக்குள்ள வந்தாத்தான் முத்திரை" என்றாள் அக்கா.

"பிள்ளைக்கு உடம்பு சரியில்லக்கா."

"எல்லார் வீட்லயும் ஏதோ ஒண்ணு இருக்கு. உனக்குப் போட்டா இவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

அந்த வாரம் என் பிள்ளை பாதி வயிற்றோடு படுத்திருந்ததை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். கல்நெஞ்சக்காரி.

போன மழைக்காலத்தில் கிடங்குப் படியில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பு முறிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று போதகர் முத்திரையை என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? என்றைக்காவது அவள் என் முன்னால் வந்து நிற்பாள் என்று தெரியும்.

மூன்று மாதம் கழித்து வந்தாள். தடியை ஊன்றி ஊன்றி அவள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கடைசிப் பாட்டு முடிந்து, ஜனங்கள் அட்டையோடு என் முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். எட்டுப் பேருக்குப் பின்னால் நின்றாள். முறை வந்ததும் அட்டையை வைத்தாள்.

நாலு வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைச் சொன்னேன். "பாட்டு முடியுறதுக்குள்ள வந்தாத்தான் முத்திரை."

கெஞ்சுவாள் என்று காத்திருந்தேன். கெஞ்சியிருந்தால் போட்டிருப்பேன், சத்தியமாக.

"ஆமா, முடிஞ்சிடுச்சு. நீ சொல்றது சரிதான்" என்று அட்டையை எடுக்கக் கை நீட்டினாள்.

அப்போதுதான் அட்டையைப் பார்த்தேன். எங்களுக்கெல்லாம் வருடத்துக்கு ஓர் அட்டை தீர்ந்துபோகும். அவளுடையது முதல் வருடத்து அட்டை. பழுத்துப்போன அதில் ஒரு கட்டத்தில்கூட மை இல்லை.

"என்னக்கா இது?"

"நான் வாசல்லதானே உட்கார்ந்திருந்தேன். உள்ள உட்கார்ந்து கேக்கலையே. எனக்கு நானே எப்படிப் போட்டுக்கறது?"

"அப்ப மாவுக்கு?"

"கிழிஞ்ச மூட்டையிலேருந்து தரையில கொட்டுறதக் கூட்டி எடுத்துக்குவேன். சலிச்சா மண்ணு போயிடும்." இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "இப்பக் குனிய முடியல. அதான் அட்டையத் தேடி எடுத்தேன்."

எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வருடம் இவள் மண் சலித்துச் சாப்பிட்டது போதகர் கண்ணில் படவே இல்லையா? கிடங்குத் தரை சுத்தமாக இருந்தது, அவருக்கு அது போதும். அவள்மேலும் எரிந்தது. தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டவளுக்கு என் பிள்ளை வயிற்றில் அடிக்க என்ன தயக்கம் இருந்திருக்கும்?

முத்திரையை மையில் ஒற்றினேன். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எல்லார் கண்ணும் என் கையில்தான். அவளுக்குப் போட்டால் இவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு படி இறங்கினாள்.

கூட்டம் கலைந்ததும் போதகர் வந்தார்.

"இன்னிக்கு எத்தனை பேரும்மா?"

"நூத்தி நாலு பேருங்க."

"யாரையும் வெறுங்கையோட அனுப்பலையே? கடிதத்துல எழுதணும்."

"இல்லீங்க" என்றேன்.