'போ'வுக்கும் 'றேன்'னுக்கும் நடுவுல

ஹெட்போனைக் கழட்டுனா காது ரெண்டும் கருப்பா இருக்கும்... அதோட பஞ்சு மேல இருந்த கருப்பு ரெக்ஸின் உரிஞ்சு உரிஞ்சு காதுல ஒட்டிக்கும். வீட்டுக்குப் போனா அம்மா, "என்னடி, கரிமூட்டம் போட்டுட்டு வர்றியா"ன்னு கேக்கும்.

காரைக்குடியில ஒரு ஜெராக்ஸ் கடை மாடி. அதுதான் ஸ்டூடியோ. சத்தம் எதிரொலிக்காம இருக்க சுவரு பூரா முட்டை அட்டை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், நான். காலேஜ் முடிச்சதும் கெடச்ச மொத வேலை.

திருவிழா அறிவிப்பு, ஜவுளிக்கடை விளம்பரம், கட்சிக்காரரு பேச்சு... எல்லா எடிட்டும் நான்தான். ஒருத்தரு வாயத் தொறந்தா "வந்து... வந்து..."ன்னுதான் ஆரம்பிப்பாரு. அம்புட்டு 'வந்து'வையும் எடுத்துட்டுப் போட்டுக் காட்டுனேன். நானா இப்புடிப் பேசுனேன்னு மனுசன் அசந்துட்டாரு. ஸ்க்ரீன்ல ஓடுற சத்த அலையப் பெருசாக்கிப் பாத்தே எங்க வெட்டுனா தெரியாதுன்னு சொல்லிருவேன். அந்தத் திமிரு எனக்கு அப்ப நெறையவே இருந்துச்சு.

அப்பதான் செல்வி அக்கா வந்துச்சு. நெற்குப்பைக்காரக. அதுக்கு முன்னாடி எனக்கு அவுகளத் தெரியாது. நல்ல உச்சி வெயில்ல மாடியேறி வந்து, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, செல்போனை நீட்டுச்சு.

புருசன் சவுதியில கட்டட வேலை. சாரத்துல இருந்து விழுந்து எறந்துட்டாரு. பெட்டி வந்து, அடக்கம் முடிஞ்சு ஒரு வாரம்தான் ஆகுது. பாக்குற நிலைமையில இல்லைன்னு பெட்டியத் தொறக்கவே விடலையாம்.

போன்ல இருந்தது அவரு கடைசியா அனுப்புன வாய்ஸ் மெசேஜ்.

"செல்வி, டியூட்டிக்கு நேரமாச்சு. அம்மாட்ட சொல்லிரு. நான் போறேன்."

அம்புட்டுதான்.

கெளம்புறப்ப 'போறேன்'னு நம்ம வீட்டுல யாராச்சும் சொல்லுவோமா? கடைக்குப் போனாக்கூட 'போயிட்டு வர்றேன்'தானே. என்ன அவசரமோ, அன்னிக்கு அந்த மனுசன் சொல்லிட்டாரு.

அவரோட அம்மா தெனமும், என் புள்ள கடைசியா என்ன சொன்னான், போட்டுக் காட்டுன்னு கேக்குறாகளாம். போன் ரிப்பேருன்னு அக்கா பொய் சொல்லிக்கிட்டே இருந்துருக்கு.

"போறேன்னு சொன்னதக் கேட்டா அத்தை தாங்க மாட்டாக தங்கச்சி. கஞ்சியக் கூட தொட மாட்டேங்குறாக. வர்றேன்னு மாத்திக் குடு."

எனக்கு அழுகை வந்தது நெசம். ஆனா அதுக்குள்ள, இதை எப்புடிச் செய்யலாம்னு கை பரபரத்ததும் நெசம். இப்ப சொல்ல வெக்கமா இருக்கு... செய்யலாமான்னு ஒரு தடவ கூட யோசிக்கல.

பழைய மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன். ஒண்ணுல "பேங்குக்குப் போயிட்டு வர்றேன்"னு இருந்துச்சு. அதுல இருந்து 'யிட்டு வர்' மட்டும் எடுத்தேன். கடைசி மெசேஜ்ல இருந்த 'போ'வை அங்குட்டும் 'றேன்'னை இங்குட்டும் நகத்தி, நடுவுல சொருகினேன்.

பேங்குக்குப் போன அன்னிக்கு சந்தோசமா இருந்துருப்பாரு போல, குரல் தூக்கலா இருந்துச்சு. கொஞ்சம் எறக்கினேன். பின்னாடி கேட்ட எரைச்சல் வேற மாதிரி இருந்துச்சு. கடைசி மெசேஜ்ல அவரு பேசாத எடத்துல இருந்து எரைச்சலை எடுத்து அடியில விரிச்சேன். ஒட்டுன எடத்துல மட்டும் 'டிக்'னு ஒரு சத்தம்... அலை நடுக்கோட்டத் தொடுற எடமாப் பாத்துத் திரும்ப வெட்டி, ஒண்ணு தேஞ்சு இன்னொண்ணு ஏறுற மாதிரி லேசா ஃபேட் குடுத்தேன். அதுவும் போயிருச்சு.

அக்கா கேட்டுட்டு, "அவுகளேதான்"னு சொல்லி அங்கேயே உக்காந்து அழுதுச்சு. எனக்குப் பெருமையா இருந்துச்சுங்க. என்னத்தச் சொல்ல.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா திரும்ப வந்துச்சு. ஆளு பாதியா எளச்சுப் போயிருந்துச்சு. அதைக் கேட்ட அன்னிக்கு அத்தை எந்திரிச்சு சோறு போட்டுச் சாப்புட்டாகளாம். ஆனா பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் கூடுனதும் வாசல்ல நின்னு, வர்றேன்னு சொல்லியிருக்கான், எவன் புள்ளைக்கோ என் வீட்டுல காரியம் பண்றீகளான்னு எல்லாரையும் வெரட்டி விட்டுட்டாக. அன்னையில இருந்து, உசுரோட இருக்கறவனுக்கு ஏண்டி தாலியக் கழட்டுனேன்னு செல்வி அக்காவ நிமிசத்துக்கு நிமிசம் ஏசுறாகளாம்.

மாத்தாத பழசு என்கிட்ட இருந்துச்சு. நீயே வந்து உண்மையச் சொல்லிருன்னு அக்கா கையப் புடிச்சுச்சு. ரெண்டையும் ஒரு லேப்டாப்புல ஏத்திக்கிட்டு மறுநாளே நெற்குப்பைக்கு பஸ் ஏறினேன்.

அந்தம்மா கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாக. ரெண்டையும் போட்டுக் காட்டுனேன். நான்தாம்மா சொருகினேன், என்னைய மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன். திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு மூணு தடவ கேட்டாக. அப்பறம் ஒரிஜினலைத்தான் கை காட்டுனாக.

"இதுலதான் வெட்டியிருக்கீக. நடுவுல இருந்ததக் காணோம். என் புள்ள போறேன்னு சொல்ல மாட்டான்."

நான் திருத்திக் குடுத்ததுதான் அவுக காதுக்கு முழுசா இருக்கு... நெசம் குறையா இருக்கு. இதுக்கு மேல எதைப் போட்டுக் காட்டுறது?

இப்ப சென்னையில இருக்கேன். இன்னும் இதே வேலைதான். இப்பல்லாம் ஒருத்தர் குரலைக் கொஞ்சம் குடுத்தாப் போதும், நம்ம என்ன எழுதுறமோ அதை அந்தக் குரல்லயே கம்ப்யூட்டரே பேசிருது. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுருது. அன்னிக்கு அந்தத் துண்டைச் சொருக எனக்கு ஒரு மத்தியானம் பூரா ஆச்சு. நிறுத்திருக்கணும்னா அம்புட்டு நேரம் இருந்துச்சு... நான்தான் நிறுத்தல.

போன மாசம் செல்வி அக்கா கூப்புட்டுச்சு. அத்தை தவறிட்டாகளாம். கடைசி வரைக்கும் மகன் வருவான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்துருக்காக. நான் மன்னிப்புக் கேக்க ஆரம்பிச்சேன். அக்கா அதைக் காதுல வாங்குன மாதிரியே தெரியல.

பழைய போன் கெட்டுப் போயி அவரு மெசேஜ் எல்லாம் போயிருச்சாம். என்கிட்ட இருக்கான்னு கேட்டுச்சு. ஒரிஜினலை இப்பவே அனுப்புறேன்க்கான்னு சொன்னேன்.

சொல்லிக்கிட்டே லேப்டாப்பைத் தொறந்தேன்.

"அது வேணாம் தங்கச்சி... வர்றேன்னு சொல்வாகள்ல, அத அனுப்பு."

அனுப்பிட்டேன்.